தொப்புள்கொடி ரத்தம்: சேமிப்பதா, கொடுப்பதா?

கேள்வி: என் மகளுக்கு இது எட்டாம் மாதம். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைத்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் எந்த நோய் வந்தாலும் கைகொடுக்கும் என்று ஒரு தனியார் வங்கியின் பிரதிநிதி மாதத் தவணைத் திட்டத்துடன் வந்து பேசுகிறார். மருமகனோ பொது வங்கிக்குத் தானமாகக் கொடுத்துவிடலாம் என்கிறார். எது சரி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தங்கள் மருமகனின் எண்ணமே சரியானது. தொப்புள்கொடியிலும் நஞ்சுக்கொடியிலும் எஞ்சி நிற்கும் ரத்தத்தில், புதிய ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. 1988 அக்டோபரில் பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில் டாக்டர் எலியான் க்ளுக்மான் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை என்னும் பரம்பரை நோயால் வாடிய 5 வயதுச் சிறுவனுக்கு இந்த ரத்தத்தைச் செலுத்தும் உலகின் முதல் சிகிச்சையைச் செய்தார்கள். அந்த ரத்தம் அவனுடையதன்று. புதிதாகப் பிறந்த அவன் தங்கையுடையது. அவனுடைய ரத்தம் பிறந்தபோதே சேமிக்கப்பட்டிருந்தாலும் பயன்பட்டிருக்காது, ஏனெனில் நோய்க்குக் காரணமான மரபணுக் குறை அதிலும் இருந்திருக்கும். தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோய்க்கும் இதே நிலைதான். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயிலும், நோயின் தொடக்க மாற்றங்கள் பிறக்கும்போதே ரத்தத்தில் இருப்பது பலரிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. அத்தகைய குழந்தையின் ரத்தத்தை அதற்கென்றே பூட்டி வைப்பது, சொத்தை விதையை விதைநெல்லாக எடுத்து வைப்பதைப் போன்றது. பிற்காலத் தற்பயன்பாட்டுக்காகத் தனியாரிடம் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் மூத்த பிள்ளைக்கு இந்தச் சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய் ஏற்கெனவே இருந்தால் மட்டும், இளைய பிள்ளையின் ரத்தத்தைக் குடும்பத்துக்கென்று சேமிப்பதில் நியாயம் உண்டு.

பொது வங்கியின் வழி வேறு. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் ரத்த மையத்தில் டாக்டர் பாப்லோ ரூபின்ஸ்டைன் தொடங்கி வைத்த முறைப்படி, கொடையாளரிடம் கட்டணம் வாங்காமல், ரத்தத்தைப் பரிசோதித்து, சுமார் மைனஸ் 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் பாதுகாத்து, பொருந்தும் நோயாளி எங்கிருந்தாலும் கொடுப்பார்கள். இதே ஸ்டெம் செல்கள் உள்ள எலும்பு மஜ்ஜையை உறவினரல்லாதவரிடமிருந்து பெற்றுச் செலுத்த எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் ஏறக்குறைய முழுமையாகப் பொருந்த வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தின் நோய் எதிர்ப்புச் செல்கள் முதிராதவை என்பதால், ஆறு அடையாளங்களில் நான்கு பொருந்தினாலும் சிகிச்சை செய்ய முடிகிறது. கொடையாளர் பதிவேடுகளில் தம் இனத்தவர் குறைவாக உள்ளவர்களுக்கும், கலப்பு வம்சாவளியினருக்கும் இது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றும் ரத்தப் புற்றுநோயும் ஒருசேரக் கொண்டிருந்த கலப்பு வம்சாவளிப் பெண் ஒருவர், 2017இல் நியூயார்க்கில் யாரோ ஒரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தையும் உறவினர் ஒருவரின் ஸ்டெம் செல்களையும் பெற்றார். புற்றுநோய் நீங்கியதோடு, எச்.ஐ.வி. மருந்தை நிறுத்திய பின்னும் வைரஸ் திரும்பவில்லை என்பது 2022இல் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ரத்தத்தைப் பொதுக் கொடையாகப் பெற்றுக்கொள்ளும் வசதி நம் நாட்டில் மிகவும் அரிது. பிரசவம் நடக்கவிருக்கும் மருத்துவமனையில் அது உண்டா என்று இப்போதே கேளுங்கள். இல்லையென்றால் தனியார் தவணையில் சேர வேண்டியதில்லை. மருமகன் விரும்பினால், 2009இல் சென்னையில் தொடங்கப்பட்ட தாத்ரி போன்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி மாதிரி எடுப்பதோடு பதிவு முடிந்துவிடும்.

கேள்வி: நான் முதல் பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கிறேன். ரத்தத்தைத் தானம் செய்தால் என் குழந்தைக்குச் சேர வேண்டியது குறைந்துவிடுமோ என்று என் அம்மா அஞ்சுகிறார்.
– ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: தங்கள் தாயாரின் அச்சத்தில் பொருள் இருக்கிறது. குழந்தை பிறந்த பின்னும் சிறிது நேரம் நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தம் குழந்தைக்குப் பாய்கிறது. அதனால் இரும்புச்சத்து இருப்பு பெருகும். ஆகவேதான், குழந்தைக்கு உடனடி மூச்சு உதவி தேவைப்பட்டாலன்றி, ஒரு நிமிடத்துக்கு முன்னால் கொடியை இறுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தக் காத்திருப்புக்குப் பிறகு கொடியை இறுக்கி வெட்டி, அதில் எஞ்சியதை மட்டும் கொடியின் சிரையிலிருந்து எடுப்பதே முறையான தானம்; தாய்க்கும் சேய்க்கும் வலியில்லை. காத்திருப்பு நீண்டால் கிடைக்கும் அளவு குறைந்து, வங்கிக்குப் போதாமல் போகலாம். போகட்டும், முதல் உரிமை தங்கள் குழந்தைக்கே. தங்கள் நாட்டில் பொது வங்கியாகச் சிங்கப்பூர் தொப்புள்கொடி ரத்த வங்கி 2005 முதல் இருந்துவருகிறது என்பதால், கொடியை எப்போது இறுக்குவது என்பதைத் தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி, மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: சிகிச்சைக்குத் தகுதியற்றது என்று வங்கி ஒதுக்கும் ரத்தம் வீணாகிவிடுமா?
– கல்லூரி ஆசிரியர், மதுரை

பதில்: வீணாக வேண்டியதில்லை. பெறுபவரின் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2.5 கோடி செல்களாவது வேண்டும் என்பது பொதுவான கணக்கு; 60 கிலோ எடையுள்ளவருக்கு 150 கோடி. தானமாக வரும் ரத்தத்தில் பெரும்பகுதி இந்த அளவை எட்டுவதில்லை. தாய் இசைந்தால் அது ஆய்வுக்குப் போகும். இந்த ரத்தத்தின் குறைவான ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் பெருக்கும் முயற்சியின் பயனாக, 2023 ஏப்ரலில் ஒமிடுபிசெல் என்ற சிகிச்சைக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது. வெள்ளணுக்கள் மீள்வதற்கு வழக்கமான முறையில் 22 நாள் ஆன இடத்தில், இதில் 12 நாளே ஆயிற்று. ஹூஸ்டனில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து, நோயுற்ற செல்களைத் தாக்கி அழிக்கும் இயற்கைக் கொல்லி செல்களை எடுத்து மரபணு மாற்றிச் செலுத்தியபோது, நிணநீர்ப் புற்றுநோயாளிகள் 11 பேரில் 8 பேருக்குப் பலன் கிடைத்ததாக 2020இல் வெளியான ஆய்வு கூறியது. சிகிச்சைக்கான இசைவும் ஆய்வுக்கான இசைவும் தனித்தனியாகக் கேட்கப்பட வேண்டியவை. இரண்டையும் பிரசவ வலி தொடங்குவதற்கு முன்பே, நிதானமாகப் படித்துக் கையெழுத்திடுவது நல்லது.