தேநீர்க் கடை நிறுவனம் கட்டிய கணினி

கேள்வி: அன்றாட வணிகக் கணக்குகளுக்குக் கணினியை முதலில் பயன்படுத்திய நிறுவனம் எது?

பதில்: பிரிட்டனில் தேநீர்க் கடைகளை நடத்திவந்த ஜே. லயன்ஸ் நிறுவனம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட விடை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எட்சாக் கணினிக்கு 3,000 பவுண்டு நிதியுதவி அளித்த அந்நிறுவனம், அதே வடிவமைப்பைப் பின்பற்றி, பொறியாளர் ஜான் பிங்கர்டன் தலைமையில் ‘லியோ’ என்ற கணினியைத் தானே கட்டி, 1951 நவம்பரில் தன் அடுமனைப் பண்டங்களின் மதிப்பீட்டுக் கணக்கை அதில் போடத் தொடங்கியது. இயந்திரத்தைக் கட்டியதைவிட, ஒவ்வொரு அலுவலையும் நிறுவனத்தின் நிரலாக்கப் பணிக்குத் தலைமை வகித்த டேவிட் கேமினரின் குழுவினர் படிப்படியாகப் பிரித்து ஆராய்ந்து, அதன் பிறகே நிரலாக எழுதியதைத்தான் நான் பெரிய சாதனையாகக் கருதுகிறேன். 1954இல் ஊதியப் பட்டியலும் லியோவிடம் வந்தது. தேர்ந்த எழுத்தருக்குச் சுமார் 8 நிமிடம் பிடித்த ஒரு பணியாளரின் ஊதியக் கணக்கை அது ஒன்றரை விநாடியில் முடித்தது.