அண்ணாச்சி பதில்கள்: எந்த பாட்டில்ல புடிச்சிய?

கேள்வி: அண்ணாச்சி, சின்னதா ஒரு யூடியூப் சேனல் நடத்துதேன். ஊர் சாக்கடை தாமிரபரணில விழுற இடத்துல தண்ணி புடிச்சு லேப்ல குடுத்து, அந்த ரிப்போர்ட்ட காட்டி வீடியோ போடலாம்னு பிளான். ஒரு சாம்பிள் போதும்லா?
(வாசகர், வண்ணார்பேட்டை)

பதில்: போதாது தம்பி. சாக்கடை வாயில புடிச்ச தண்ணி சாக்கடைன்னுதான் ரிப்போர்ட் வரும், அதுக்கு எதுக்கு லேப், மூக்கு போதுமே. நீங்க சொல்ல வாரது ஆறு நம்ம ஊருக்குள்ள வந்து கெட்டுப்போகுதுன்னு, அப்ப ஊருக்குள்ள வாரதுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சுன்னு ஒரு நம்பர் கையில வேணும்லா? சுத்தமல்லி அணைக்கட்டு பக்கம் ஒண்ணு, சாக்கடை விழுறதுக்கு கொஞ்சம் மேல ஒண்ணு, விழுந்து நல்லா கலந்தபிறகு கீழ ஒண்ணு, முடிஞ்சா முறப்பநாட்டுல ஒண்ணு, எல்லாம் ஒரே நாள்ல. கரையோரமா பாசிய ஒதுக்கி மொண்டுட்டு வராதீங்க, ஓட்டம் இருக்குற இடமா பாத்து இறங்கி பாட்டில் வாய ஓட்டத்துக்கு எதிரா வச்சு ஒரு அடி ஆழத்துல புடிக்கணும். ஐப்பசி மழைல எடுத்த நம்பரும் வைகாசில ஆறு ஒடுங்கி கிடக்கையில எடுத்த நம்பரும் ஒண்ணா இருக்காது, அதனால ரெண்டு தடவையாவது போங்க.

இன்னொண்ணு, ஆத்துத் தண்ணிய குடிதண்ணி அளவோட ஒப்பிட்டு "ஐயோ பாருங்க"ன்னு தலைப்பு போடுறாங்க பாத்தியளா, எனக்கு அதுதான் எரிச்சல். குடிதண்ணில 100 மில்லில ஒரு ஈ.கோலி (மலத்துல இருக்குற கிருமி) கூட இருக்கக் கூடாது, எந்த ஆறு இதுல பாஸ் ஆகும்? குளிக்கிற ஆத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனியா அளவு வச்சிருக்கு, மலக்கழிவு கோலிஃபார்ம் கிருமி 100 மில்லிக்கு 500க்குள்ள இருந்தா நல்லது, 2500 தாண்டக் கூடாது, பிஓடி (தண்ணில இருக்குற கழிவ மக்கவைக்க கிருமிகள் இழுக்குற ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குள்ள. ஜனங்க முங்கிக் குளிக்கிற படித்துறைல இந்த அளவே தாண்டிச்சுன்னா அது போதும் செய்திக்கு, கூடுதலா பயமுறுத்தத் தேவையே இல்ல.

இதெல்லாம் இப்ப பெரிய மனுசன் மாதிரி சொல்லுதேன், நான் பட்ட பாட்ட கேளுங்க. சின்னப் பத்திரிகைல இருந்தப்ப ஒரு தெருவுல குழாத்தண்ணி நாறுதுன்னு புகார் வந்து, பக்கத்துக் கடைல கலர் குடிச்ச பாட்டில கழுவி அதுலயே தண்ணி புடிச்சிட்டு போயிட்டேன். லேப் கவுண்டர்ல இருந்த அம்மா மூடிய தொறந்து மோந்து பாத்துட்டு "எந்த பாட்டில்ல புடிச்சிய?"ன்னாங்க. ஆரஞ்சு வாசனை. அவங்களே ஸ்டெரைல் பாட்டில் ஒண்ணு குடுத்தாங்க, அடியில வெள்ளையா துளிப் பவுடர் இருந்துச்சு. கூட வந்த போட்டோகிராபர் தம்பி, சுத்தபத்தமானவன், என்னமோ அழுக்குன்னு நினைச்சு அத நல்லா அலசிட்டு தண்ணி புடிச்சிட்டான். அந்தப் பவுடர் சோடியம் தயோசல்பேட். தண்ணில இருக்குற குளோரின அது முறிச்சிரும், இல்லன்னா லேப் போய்ச் சேருற வரைக்கும் குளோரின் பாட்டிலுக்குள்ளயே கிருமிய கொன்னுட்டே வரும், கெட்ட தண்ணியும் நல்ல தண்ணின்னு ரிப்போர்ட் ஆயிரும். மூணாவது தடவைதான் ஒழுங்கா குழாய் வாய சுட்டு, தண்ணிய கொஞ்சநேரம் ஓடவிட்டு, புதுத் தெர்மாகோல் பெட்டில ஐஸ் போட்டு (மீன் வாங்குன பெட்டி வேண்டாம்) அன்னைக்கே கொண்டு போய் குடுத்தோம். அதுக்குள்ள குழாய மாத்திட்டாங்க. செய்தி போச்சு, தெருவுக்கு நல்ல தண்ணி வந்துச்சு, சரி போன்னு விட்டாச்சு.

கேள்வி: லேப்காரனே சீல் வச்சுக் குடுத்துட்டா அப்புறம் என்ன அண்ணாச்சி, அப்படியே போட்டுரலாம்லா?
(வாசகர், மேலப்பாளையம்)

பதில்: சீல பாத்து மயங்காதீங்க. டெல்லில அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020ல தேன் விஷயத்துல என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. 13 பிராண்டு தேன எடுத்து நம்ம நாட்டு லேப்ல குடுத்தா பெரும்பாலும் பாஸ். அதே தேன ஜெர்மனிக்கு அனுப்பி என்எம்ஆர்னு ஒரு டெஸ்ட் பண்ணுனா 10 ஃபெயில். அதோட நிக்கல, டெஸ்ட்ட ஏமாத்துறதுக்குன்னே விக்கிற சர்க்கரைப் பாகை அவங்களே தேடி வாங்கி, நல்ல தேன்ல 25 சதவீதம், 50 சதவீதம்னு கலந்து லேப்ல குடுத்தாங்க, அதுவும் பாஸ்! தேன டெஸ்ட் பண்ணாம டெஸ்டையே டெஸ்ட் பண்ணிட்டாங்க, எனக்கு அந்த ஸ்டோரில புடிச்சதே இதுதான். இதே ஆளுங்க 2003ல குளிர்பானத்துல பூச்சிமருந்து இருக்குன்னு சொன்னப்ப கம்பெனிகள் லேப் மேலயே பாஞ்சுது, நாடாளுமன்றக் கூட்டுக்குழு உக்காந்து விசாரிச்சு 2004ல அவங்க கண்டுபிடிச்சது சரின்னு சொல்லுச்சு. எப்படி டெஸ்ட் பண்ணோம்னு ஒண்ணுவிடாம எழுதி வச்சிருந்ததாலதான் அவங்களால நிக்க முடிஞ்சுது.

இன்னொரு பக்கமும் இருக்கு. அமெரிக்கால ஃபிளின்ட்ங்கிற ஊர்ல 2015ல குழாத்தண்ணில ஈயம் இருக்கான்னு அரசாங்கம் 71 சாம்பிள் எடுத்துச்சு. அதுல ரெண்ட கணக்குல சேக்காம விட்டாங்க, லிட்டருக்கு 18 மைக்ரோகிராம்னு வரவேண்டிய அளவு 11 ஆயிருச்சு, வரம்பு 15. ரெண்டே ரெண்டு பாட்டில்! அப்புறம் ஊர்க்காரங்களே வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தோட சேந்து வீடுவீடா 300 கிட் குடுத்து தண்ணி புடிச்சாங்க, ஒரு ரிப்போர்ட்டரும் கூடவே அலைஞ்சாரு. அதனால ரிப்போர்ட்ல கடைசி நம்பர மட்டும் பாக்காம எத்தன சாம்பிள் எடுத்தாங்க, எத்தனைய விட்டாங்க, ஏன் விட்டாங்கன்னு கேளுங்க. உங்க சாம்பிளுக்கும் இதே கேள்விதான், ஒத்து வராத ரெண்ட நீங்களும் தூக்கிப் போட்றக் கூடாது. வீடியோ போடுறதுக்கு முன்னாடி அந்த நம்பர சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு அனுப்பி பதில் கேட்டு வாங்கிருங்க.

கேள்வி: அல்வாவுல நெய்யா டால்டாவான்னு நாமளே டெஸ்ட் பண்ண முடியுமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: வீட்டுல முடியாதும்மா, சட்டப்படி முடியும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, 40வது பிரிவு, காசு குடுத்து வாங்குற யாரும் ஃபீஸ் கட்டி உணவுப் பகுப்பாய்வாளர்கிட்ட சோதிக்கலாம், 14 நாள்ல ரிப்போர்ட், கலப்படம்னு வந்தா ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். ஆனா ஒரு சங்கடம், வாங்கும்போதே "இத டெஸ்டுக்கு அனுப்பப் போறேன்"னு கடைக்காரர்கிட்ட சொல்லணும். சாயங்காலக் கூட்டத்துல, அவரு இலைல சுடச்சுட வச்சு நீட்டும்போது சொல்லிப் பாருங்க! டால்டாவ காட்டிக்குடுக்கணும்னே அதுல நல்லெண்ணெய் சேக்கச் சொல்லி நம்ம நாட்டுல சட்டமே போட்டாங்க, ஆசிடும் சீனியும் சேத்துக் குலுக்கினா நல்லெண்ணெய் இருந்தா ரோஸ் கலர் வரும். அது நெய்க்கு, அல்வாவுக்கு இல்ல, அடுக்களைல ஆசிட வச்சு விளையாடாதீங்க.

கேள்வி: லேப் செலவுக்கு காசு இல்ல, டேட்டா மட்டும் வச்சு செய்தி பண்ண முடியுமா?
(கல்லூரி மாணவர், பேட்டை)

பதில்: 10 ரூபா இருக்கா? தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, 30 நாள்ல பதில் வரணும். அதுல 2(ஜே) பிரிவுல பொருளோட சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்குற உரிமையே இருக்கு, ரோடு போட்ட ஜல்லிய கூட கேக்கலாம், யாரும் கேக்கிறதில்ல. "தண்ணி சுத்தமா இருக்கா"ன்னு கேட்டா "ஆம்"னு ஒரு வரி வரும், அதனால மேல்நிலைத் தொட்டி குளோரின் ரிஜிஸ்டர் ஒரு வருசத்து நகல் குடுங்கன்னு கேளுங்க. வந்தத தேதி வாரியா எக்ஸெல்ல அடிங்க, அடிக்கும்போதே பாதி கதை வெளிய வந்துரும். குழாய் முனைல குளோரின் லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் இருக்கணும். நான் வாங்குன ஒரு ரிஜிஸ்டர்ல வருசம் பூரா ஒரே கையெழுத்து, ஒரே மை, எல்லா நாளும் 0.5, மழை வெள்ளம் மோட்டார் ரிப்பேர் எதுக்கும் அசையல. நவம்பர் 31ஆம் தேதிக்கும் 0.5 போட்டிருந்தாங்க.