துன்பத்தின் நடுவே ஒருவருக்குக் கிறிஸ்தவ விசுவாசம் எப்படிப் பிறக்கிறது, எப்படி நிலைக்கிறது?

துன்பம் நேர்ந்தவர் கடவுளை விட்டு விலகுவதுதானே இயல்பு, சிலர் அப்போதுதான் விசுவாசத்துக்குள் வருவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளையின் வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று.

திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த அவர், கால்நடைகளும் விளைச்சலும் அழிந்து மனம் உடைந்திருந்தபோது, 1741-இல் குளச்சல் போரில் தோற்று திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையில் சேர்ந்திருந்த டச்சுத் தளபதி டி லனாய், அவருக்கு விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னதாக மரபு கூறுகிறது. சொத்தையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவிடம், நீ பாவம் செய்திருப்பாய் என்று நண்பர்கள் வாதிடுகிறார்கள். கடவுளோ இறுதியில் அந்த நண்பர்களைத்தான் கடிந்துகொள்கிறார். துன்பம் குற்றத்துக்கான தண்டனையாகத்தான் இருக்க வேண்டும் என்னும் கணக்கு அங்கே உடைகிறது. (ஆறுதல் சொல்லப் போகிற பலர் இன்றும் அந்த நண்பர்களைப் போலவே பேசுகிறார்கள் என்பது வேறு விஷயம்.) யோபு தன் கேள்விகளை அடக்கிக்கொள்ளவில்லை, கடவுளோடு வழக்காடினார், ஆகவே முறையிடுவதும் விசுவாசத்துக்குள் அடங்கியதே.

நீலகண்டர் 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அதனால் அவருடைய துன்பம் குறையவில்லை, கூடியது: 1749-இல் கைதாகி, சித்திரவதைகளுக்கு உள்ளாகி, 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். நலம் கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பில் வந்த நம்பிக்கையாக இருந்திருந்தால், அது கைதான அன்றே முடிந்திருக்கும். கத்தோலிக்கத் திருச்சபை 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தது.