மாமாவின் டாப்-அப் கடனும் நார்வே மேற்படிப்பும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): ஈரோட்டில் சிஸ்டம் அட்மினாக வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். நெட்வொர்க், சிஸ்டம் நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டம் படிக்க நார்வே செல்ல விரும்புகிறேன். அதற்கு 20 லட்சம் கல்விக் கடன் வேண்டும். தாய்மாமனின் கடைக்காக என் பெயரில் வாங்கிய தனிநபர் கடன் இருமுறை டாப்-அப் ஆகி (அதே கடனில் கூடுதல் தொகை பெற்று), இப்போது 5.6 லட்சம் பாக்கி நிற்கிறது. வட்டி 15%, தவணை 14,300. டெபாசிட்டில் 3.5 லட்சம் இருக்கிறது. மாமா மீண்டும் டாப்-அப் கேட்கிறார். இந்த ஆண்டே கிளம்பலாமா?

பதில்: கல்விக் கடனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கும் நீங்கள், வேலையை விட்டுச் சென்ற பிறகு அந்த 14,300 ரூபாயை யார் கட்டுவார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மாமா கட்டுவார் என்பது உங்கள் நம்பிக்கை. வங்கியின் ஏட்டில் இருப்பது உங்கள் பெயர். இரண்டு தவணை தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண்தான் சரியும், கல்விக் கடனின் அடுத்த பகுதியை விடுவிக்கும் நேரத்தில் வங்கி முகம் சுளிக்கும்.

நார்வேயில் கல்விக் கட்டணம் இல்லை என்பது பழைய கதை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அதைச் சார்ந்த நாடுகளுக்கும் வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு 2023 இலையுதிர் பருவத்திலிருந்து கட்டணம் உண்டு. 20 லட்சத்தை ஆண்டுக்குப் பத்தாகப் பெற்று, 11% வட்டியில், படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் கட்டாமல் விட்டால், கடன் ஏறக்குறைய 25.5 லட்சமாகும், பத்தாண்டுத் தவணை மாதம் 35,000. மாமாவின் தவணையையும் சேர்த்தால், இன்றைய உங்கள் சம்பளம் முழுவதையும் அது விழுங்கிவிடும். கல்விக் கடன் வட்டிக்கான வரிச்சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். புதிய வரி முறையில் அது கிடையாது. ஜாமீன் கேட்காத டாலர் கடன் தருவதாகச் சொல்லும் செயலியையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நார்வே குரோனரிலோ ரூபாயிலோ சம்பாதித்து டாலரில் கடன் அடைக்கும் துணிச்சல் எனக்கில்லை, உங்களுக்கும் வேண்டாம்.

6.5% தரும் டெபாசிட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 15% வட்டி கட்டுவது எனக்குப் புரியவில்லை. 50,000 ரூபாயை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு, 3 லட்சத்தை அசலில் கட்டுங்கள். முன்கூட்டிச் செலுத்துவதற்கு அபராதம் உண்டா என்பதை மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். மீதி 2.6 லட்சத்துக்குத் தவணையுடன் மாதம் 10,000 கூடுதலாகக் கட்டினால், ஓராண்டில் கணக்கு முடிந்துவிடும். அந்த ஓராண்டு வீண் அல்ல: ரெட் ஹாட் நிறுவனத்தின் சிஸ்டம் அட்மின் சான்றிதழுக்கான ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வில் இயங்கும் லினக்ஸ் கணினியிலேயே பயனர், சேமிப்பகம், ஃபயர்வால் அமைப்புகளைச் செய்து காட்ட வேண்டியிருப்பதால், அந்தச் சான்றிதழ் உங்கள் விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்கும். கேட் தேர்வில் தேறி இங்கேயே முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கும் வழியுண்டு; நார்வேதான் வேண்டும் என்ற பிடிவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மாமாவிடம் மறுப்பது கடினம் என்பதை அறிவேன், அதிலும் உங்கள் தாயார் இடையில் நிற்கும்போது. ஆனாலும் மூன்றாவது டாப்-அப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். கடைக்குச் சரக்கு வாங்கப் பணம் தேவையென்றால், அடமானமில்லாத முத்ரா கடனுக்கு அவர் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கட்டும். வங்கிக்கு நீங்களும் உடன் செல்லுங்கள், படிவத்தை நிரப்பிக் கொடுங்கள், ஜாமீன் கையெழுத்து மட்டும் வேண்டாம்.