தன்னார்வலர்கள் நடத்தும் பாரம்பரிய ரயிலில் பணித்திறனை எப்படிக் கண்காணிப்பது?

சம்பளமில்லாமல் வருபவரிடம் தேர்வு, பதிவேடு என்று கெடுபிடி காட்டலாமா என்பது கேள்வி. காட்டித்தான் ஆக வேண்டும். பிரிட்டனின் 2006 ரயில் பாதுகாப்பு விதிகள் ஓட்டுநர், கார்டு, சிக்னல் பணியாளர் போன்றோரில் சம்பளக்காரர், தன்னார்வலர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. திறனும் உடல்தகுதியும் மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும்.

பெரிய சிக்கல் இடைவெளிதான். எப்போதாவது வருபவருக்கு விதி நினைவிருக்கும், கைப்பழக்கம் போய்விடும். நீராவி எஞ்சினில் பாய்லர் நீரின் அளவைக் காட்டும் நீர்மட்டக் கண்ணாடியை வடிகால் திறந்து சோதிக்க மறந்தால், அடைபட்ட வழி பொய் மட்டம் காட்டும். நீர் குறைந்தது தெரியாமல் போனால், தீ எரியும் அறையின் (தீயறை) மேல்தகடு நீருக்கு வெளியே வந்து, அளவுமீறிச் சூடேறி வலுவிழக்கும், பாய்லரே வெடிக்கலாம்.

ஆகவே ஆளுக்கொரு பதிவு வையுங்கள்: எந்தப் பணி, எந்த எஞ்சின், எந்தத் தடம், கடைசியாக வேலை செய்த நாள், அடுத்த மதிப்பீடு. நிர்ணயித்த பணிநாள்கள் குறைந்தால், மேற்பார்வையில் ஓட்டிக் காட்டிய பிறகே தனிப்பணி. ரோஸ்டர் (பணிப்பட்டியல்) போடுபவர் இதைப் பார்க்காமல் பெயர் எழுதக் கூடாது. ஆள் பற்றாத நாளில்தான் காலாவதியான சான்று கண்ணில் படாமல் நழுவும். களைப்பையும் கேளுங்கள், முந்தின இரவு வேறு வேலையில் ஷிப்ட் பார்த்திருக்கலாம். மதிப்பிடுபவரே நெருங்கிய நண்பராக இருப்பது (அடிக்கடி நடப்பதுதான்) சங்கடம். வேறு குழுவிலிருந்து ஒருவரைக் கூட்டி வாருங்கள்.