ஏபிஐ உரிமம் இருந்தும் ஏன் இத்தனை ஆவணம்?

கேள்வி: கடலடி வால்வுகளும் இணைப்பிகளும் செய்யும் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு ஏபிஐ எனும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் உரிமம் உண்டு. இருந்தும், மெக்சிகோ வளைகுடாவின் அமெரிக்கப் பகுதியில் எண்ணெய் எடுக்கும் வாடிக்கையாளர், போல்ட்டுக்கு முலாம் பூசிய விவரம் வரை கேட்கிறார். இதெல்லாம் தேவையா, வெறும் கெடுபிடியா?

பதில்: தேவைதான். அங்கே கடல் எண்ணெய்ப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான பிஎஸ்இஇ, ஒவ்வொரு உதிரிபாகத்துக்கும் முத்திரை குத்திக் கொடுப்பதில்லை. பொறுப்பு முழுக்கக் கிணற்றை நடத்தும் நிறுவனத்தின் தலையில். நாளை ஏதாவது உடைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் வாடிக்கையாளர். அதனால்தான் உங்களைக் குடைகிறார்.

குறிப்பாகப் போல்ட்டைப் பற்றிக் கேட்பதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. 2012 இறுதியில் அதே வளைகுடாவில், கிணறு பொங்கி வெடிக்காமல் அடைக்கும், கிணற்று வாயிலுள்ள பிஓபி அடுக்கோடு சேர்ந்த இணைப்பி ஒன்றின் போல்ட்டுகள் முறிந்து, 432 பீப்பாய் துளையிடு திரவம் கடலில் கலந்தது. விசாரித்தபோது, துணை ஒப்பந்தத்தில் துத்தநாக முலாம் பூசியவர், அந்த முலாமுக்கான ஏஎஸ்டிஎம் பி633 தரத்தின் 1998ஆம் ஆண்டுப் பதிப்பையே பின்பற்றியிருந்தது தெரிந்தது. முலாம் பூசும்போது எஃகுக்குள் புகும் ஹைட்ரஜனைப் பின்பு சூளையில் வைத்து வெளியேற்றுவதில் புதிய பதிப்புகள் கடுமையானவை. பழையதைப் பின்பற்றியதால் அந்தப் போல்ட்டுகளுக்கு அந்தச் சூளைப் பக்குவம் சரியாகக் கிடைக்கவில்லை. கடலுக்கடியில் துருப்பிடிக்காமல் இருக்க எதிர்மின்வாய்ப் பாதுகாப்பு கொடுக்கிறோம் அல்லவா, அதுவும் எஃகின்மேல் ஹைட்ரஜனை உண்டாக்கும். கடினம் கூடிய எஃகு அதை உறிஞ்சி, தாங்க வேண்டிய சுமைக்கும் குறைவான சுமையிலேயே விரிசல் விடும். அதுவும் உடனே அல்ல, நாள் கடந்து. உங்கள் பட்டறையில் நடத்தும் அழுத்தச் சோதனையில் இது தெரியவே தெரியாது. பெரும்பாலும் காகிதத்தில்தான் பிடிபடும் குறை இது.

நீங்கள் செய்வது கடலடிப் பாதுகாப்பு வால்வு என்றால் இன்னொன்றும் உண்டு. அது செயலிழந்தால், கண்டறிந்த 30 நாளுக்குள் வாடிக்கையாளர் பிஎஸ்இஇக்கு மட்டுமல்ல, உற்பத்தியாளரான உங்களுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். காரணத்தை ஆராய 120 நாள்தான். வார்ப்பு எண், வெப்பப் பதப்படுத்தல் விவரம், கடினத்தன்மைச் சோதனைப் பதிவு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் அந்த 120 நாள் போதாது. 

பிரிட்டனில் வழி வேறு. 1988இல் பைப்பர் ஆல்ஃபா என்ற கடல் எண்ணெய் மேடை வெடித்து 167 பேர் இறந்தபின், அபாயம் கட்டுக்குள் இருக்கிறது என்று நடத்துநரே வாதிட்டு நிறுவ வேண்டும் என்றாகிவிட்டது. அங்கே விற்றாலும் உங்களிடம் இதே தாள்களைத்தான் கேட்பார்கள்.

முதலில் உங்கள் முலாம் பூசும் ஒப்பந்தக்காரரிடம், எந்தத் தரத்தின் எந்த ஆண்டுப் பதிப்பைப் பின்பற்றுகிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கொள்முதல் ஆணையில் பதிப்பின் ஆண்டைக் குறிப்பிடாமல் இனி எதையும் அனுப்பாதீர்கள்.