மகன் அறைச் சுவரில் இருப்பவர் யார்?

கேள்வி: நான் அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்பு ஆலையில்) வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் கல்ஃபில் இருக்கிறார். ஒரே மகன், இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். கோயில் பாடகர் குழுவில் வாசிக்கட்டும் என்று சின்ன வயதிலேயே கிட்டார் வாங்கிக் கொடுத்தேன். போன கிறிஸ்மஸுக்குப் பிறகு அவன் குழுவுக்குப் போவதில்லை. பயிற்சியில் பெரியவர் ஒருவர் எல்லார் முன்னாலும் ஏசிவிட்டாராம். இப்போது கதவைச் சாத்திக்கொண்டு ஹெவி மெட்டல் பாட்டு என்று ஒரே இரைச்சல். சுவரில் கறுப்பு உடையும் மீசையுமாக ஒரு வெள்ளைக்காரர் படம். பெயர் டோனி அயோமி. கழுத்தில் பெரிய சிலுவை. இது சாத்தான் பாட்டு, சிலுவையைக் கேலி செய்கிறார்கள், படத்தைக் கிழித்துப் போடு என்று அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் ஜெபக்கூட்டத்தில்) சொல்கிறார்கள். எலக்ட்ரிக் கிட்டார் வேறு கேட்கிறான். இந்த ஆட்கள் எப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர்கள்? என் மகன் கெட்டுப்போவானா?
– ஒரு அம்மா, கருங்கல்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

படத்தைக் கிழிக்க வேண்டாம். முதலில் அந்த மனிதரின் கதையைக் கேளுங்கள். தினமும் அண்டி ஆபீசில் கை கறுக்க உழைக்கும் உங்களுக்கு, அது மற்றவர்களைவிட நன்றாகவே புரியும்.

அயோமி, பிளாக் சபாத் என்ற ஹெவி மெட்டல் குழுவின் கிட்டார் கலைஞர். 1948இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். இத்தாலிய வம்சாவளிக் குடும்பம். ஆஸ்டன் என்ற பகுதியில் வளர்ந்தார். சுற்றிலும் தொழிற்சாலைகள், உழைப்பாளிகளின் வீடுகள். பெற்றோர் சின்னதாக ஒரு கடை நடத்தினார்கள். அப்பாவின் வீட்டாருக்கு அக்கார்டியன் வாசிக்கும் பழக்கம் உண்டு. பையன் டிரம்ஸ் கேட்டிருக்கிறான். அந்தச் சத்தத்தை வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று அவன் கையிலும் அக்கார்டியனைக் கொடுத்திருக்கிறார்கள். கிட்டார் அப்புறம் வந்தது.

பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் வெல்டிங் வேலை. ஒரு இசைக்குழுவோடு வெளிநாடு போய் வாசிக்க வாய்ப்பு வந்ததால் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனித் திரும்பிப் போகப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்கிறார். அம்மா விடவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அனுப்பிவைக்கிறார். எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வார். அன்றைக்கு என்று பார்த்து தகடு வெட்டும் மெஷினில் நிற்கும் ஆள் வரவில்லை. பழக்கமே இல்லாத அந்த மெஷினில் இவரை நிறுத்தினார்கள். மெஷின் இறங்கியது. வலது கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன.

உங்கள் பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினில் விரலைக் கொடுத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நொடியில் பிழைப்பே மாறிப்போகும். அயோமி இடக்கைக்காரர். அதனால் கிட்டாரில் தந்தியை அழுத்துவது அவருக்கு வலது கைதான். இனி வாசிக்க முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் அவரைப் பார்க்க வந்தார். கையில் ஒரு இசைத்தட்டு. வேண்டாம் என்று மறுத்தவரை வற்புறுத்திக் கேட்கவைத்தார். கேட்டு முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், 1928இல் தீவிபத்தில் இடது கையில் இரண்டு விரல் செயலிழந்து, மிச்ச விரல்களைக் கொண்டே ஜாஸ் கிட்டாரில் பேர் வாங்கியவர். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் அந்த மேலாளர்தான். ஆறுதல் சொல்லிவிட்டுப் போகாமல், அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டதைத் தேடிக் கொண்டுவந்தார்.

அப்புறம் அயோமி வீட்டில் உட்கார்ந்து தனக்கு விரல்நுனி செய்துகொண்டார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூடான கம்பியால் துளை போட்டு, விரலில் சரியாக உட்காரும்வரை தேய்த்துத் தேய்த்துச் சின்னதாக்கினார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டினார். அப்போதும் தந்தியை அழுத்தினால் வலி. மெல்லிய கிட்டார் தந்தி அன்று கடையில் கிடைக்காததால் பாஞ்சோ என்ற வாத்தியத்தின் தந்தியை வாங்கி மாட்டினார். 1971இல் தந்திகளைத் தளர்த்தி, சுருதியையும் மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். அவர்கள் பாட்டின் கனத்த, அடிவயிற்றில் இறங்கும் ஓசைக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். உங்கள் மகன் அறையிலிருந்து வரும் இரைச்சலுக்குள் வெட்டுப்பட்ட இரண்டு விரல்களின் வலி இருக்கிறது.

சரி, சிலுவை. பிளாக் சபாத் குழுவில் நாலு பேர், எல்லாரும் ஆஸ்டன்காரர்கள். பாடகர் ஓஸி ஆஸ்பார்னின் அப்பா தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் தொழிலாளி. நாலு பேருக்கும் அலுமினியத்தில் சிலுவை செய்து மாட்டிவிட்டவர் அவர். பிள்ளைகளுக்கு ஒரு அப்பா தன் கையால் செய்து கொடுத்த சிலுவை கேலிக்கு ஆகுமா? பெரும்பாலான பாட்டுகளை எழுதிய கீஸர் பட்லர், டப்ளினிலிருந்து வந்த ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பையன். 1971இல் வந்த அவர்களது பாட்டு ஒன்று, கடவுள் இல்லை என்பவர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறது. குழுவின் பெயர் ஒரு பேய்ப் படத்தின் பெயர். காசு கொடுத்துப் பயப்பட ஜனங்கள் தியேட்டருக்குப் போகிறார்களே, அந்தப் பயத்தைப் பாட்டிலும் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தார்கள். சாத்தான் பாட்டு என்று அன்பியத்தில் சொல்வதற்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. இதே இசையில் வேறு சிலர் மதத்தைத் தாக்கிப் பாடியிருக்கிறார்கள், அதை மறைக்கமாட்டேன். ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பவர் அந்த ஆள் இல்லை.

நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் வேறு. குடியும் போதையும் இந்த நாலு பேரையும் உலுக்கி எடுத்தன. 1979இல் அதனாலேயே ஓஸியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அயோமியும் கொக்கெய்ன் பழக்கத்தில் பல வருடம் கிடந்தவர், தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். இதை மகனோடு வெளிப்படையாகப் பேசுங்கள். அவனுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும். அம்மாவுக்கும் தெரியும் என்பது அவனுக்குத் தெரியவேண்டும். 2012இல் அயோமிக்கு லிம்போமா என்ற புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்கு நடுவே குழுவின் ஆல்பம் ஒன்றை முடித்தார், கச்சேரிகளுக்கும் போனார். 2025 ஜூலை 5ஆம் தேதி, வளர்ந்த அதே ஆஸ்டனில், நாலு பேரும் ஒரே மேடையில் கடைசியாக வாசித்தார்கள். பதினேழு நாள் கழித்து ஓஸி இறந்துபோனார்.

இனி உங்கள் மகன். அவன் மாறிப்போனதற்கு இந்த இசைதான் காரணமோ என்று பயப்படுகிறீர்கள். அவன் பாடகர் குழுவை விட்டதற்கு உங்கள் கடிதத்திலேயே வேறு காரணம் இருக்கிறது. இருபது வயதுப் பையனை எல்லார் முன்னாலும் ஏசியிருக்கிறார்கள். அன்று என்ன நடந்தது என்று அவனிடம் யாராவது கேட்டீர்களா? ஒரு சாயங்காலம் கட்டன்சாயா போட்டுக்கொண்டு அவன் அறைக்குப் போங்கள். "மக்ளே, இந்த ஆளுக்கு விரலுல என்ன பற்றிச்சு?" என்று மட்டும் கேளுங்கள். அவன் பேசுவான். பேசட்டும். நடுவே புத்தி சொல்லாதீர்கள். பூசைக்கு வா, குழுவில் சேரு என்பதையெல்லாம் அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். ஏசிய பெரியவரிடம் பங்குத்தந்தை மூலம் ஒரு வார்த்தை பேசிவைப்பது உங்கள் வேலை, அவன் வேலை இல்லை.

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிக் கொடுக்கலாம், செமஸ்டர் பரீட்சை முடியட்டும். அவனுடைய அப்பாவிடமும் அவனே போனில் கேட்கட்டும். சத்தத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் இணைக்காவிட்டால் அந்தக் கிட்டார் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ஹெட்ஃபோன் மாட்டி வாசிக்கிற சின்னக் கருவிகளும் உண்டு. அவன் காதுதான் என் கவலை. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம்வரை காது தாங்கும் என்பது கணக்கு. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். போன செவித்திறன் திரும்பி வராது. ஹெட்ஃபோனைப் பாதி சத்தத்துக்கு மேல் வைக்கமாட்டேன் என்று சொல்லச்சொல்லி, அதன்பின் நாகர்கோவிலுக்கு அவனோடு நீங்களும் போய் வாங்குங்கள். கடன் எடுக்க வேண்டாம், கையில் இருக்கும் காசுக்குள் பழைய கிட்டார் கிடைத்தாலும் போதும். கோயிலுக்காக வாங்கிய கிட்டாரை விற்று இதை வாங்கலாம் என்று அவன் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.